டைப் 1 சர்க்கரையோடு முதல் வெளிநாட்டுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைப் 1 என்பது உடம்பே இன்சுலினைச் சுரக்காத சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப் 1 உள்ளவர்கள் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ முதல்முறை வெளிநாடு கிளம்பும்போது கேட்கும் கேள்விகள் இவை. நானும் டைப் 1 உள்ளவன்தான். இங்கே இருப்பது பொதுவான வழிமுறை. உங்களுக்கு எத்தனை யூனிட் என்பதை உங்கள் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

இன்சுலின் போடுகிற பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா? வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

தாராளமாக அனுப்பலாம். சமீபத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியோ, சர்க்கரை இறங்கி மயங்கியோ ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

வாசிம் அக்ரமுக்கு டைப் 1 இருப்பது 1997இல் தெரியவந்தது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்ற டெஸ்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று பாகிஸ்தான் கேப்டன் அவர்தான். ஜெயித்த அணிக்கு சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதே, அந்த அணியை நடத்தியவர் தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டு ஆடியவர். பயப்படும் தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விமானத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இன்சுலின் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போய்விடுவதுதான் ஆபத்து. கூட இருப்பவர்களுக்கு விஷயமே தெரியாமல் இருப்பது இன்னொரு ஆபத்து. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பற்றித்தான்.

எவ்வளவு நாள் முன்னால் தயாராக வேண்டும்?

டிக்கெட் போட்டதுமே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். கிளம்ப 4 முதல் 6 வாரம் இருக்கும்போது பார்ப்பது நல்லது. ஊசியிலிருந்து இன்சுலின் பேனாவுக்கு மாறுவது, புது சென்சார் (உடம்பில் ஒட்டி சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி) போடுவது, புது இன்சுலின் தொடங்குவது எல்லாம் ஊரில் இருக்கும்போதே நடந்து பழகிவிட வேண்டும். கிளம்புகிற வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

டாக்டர் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், தேதியும் கையெழுத்தும் முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கட்டும். டைப் 1 என்பதும், இன்சுலின், ஊசி, லான்செட் (விரலில் குத்தும் முள்), மீட்டர், சென்சார் அல்லது பம்ப் (இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் கருவி), ஐஸ் ஜெல் பை இவற்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதும் தெளிவாக வர வேண்டும். இன்சுலினின் பிராண்ட் பெயரோடு மூலப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒரு பெயரில் விற்பது அங்கே வேறு பெயரில் விற்கும். ‘கிளார்ஜின்’, ‘அஸ்பார்ட்’ என்று இருந்தால் எந்த நாட்டு மருந்துக்கடைக்காரருக்கும் புரியும்.

மூன்று நகல் எடுங்கள். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், ஒன்று போனில் படமாக. மருந்துச் சீட்டும் அப்படியே.

எவ்வளவு இன்சுலின் கொண்டுபோவது? எந்தப் பையில் வைப்பது?

தேவையைப் போல இரண்டு மடங்கு. பேனா கீழே விழும், விமானம் ரத்தாகும், ஹோட்டல் பிரிட்ஜ் கெடுத்துவிடும். ஸ்ட்ரிப், ஊசி, சென்சார், பேட்டரி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பேனா பயன்படுத்துகிறவர்கள் இன்னொரு பேனாவும், பம்ப் போடுகிறவர்கள் பேனாவோ ஊசியோ கட்டாயம் வைத்திருங்கள். பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறும்.

எல்லா இன்சுலினும் கைப்பையில்தான் போக வேண்டும். கார்கோவில் போகும் பெட்டி தொலையலாம், வேறு ஊருக்குப் போகலாம். அங்கே குளிரில் உறைந்தும் போகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. கூட ஒருவர் வந்தால் இருப்பில் பாதியை அவருடைய கைப்பையில் வையுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் இடமில்லை என்று கைப்பையையும் கீழே அனுப்பச் சொல்வார்கள். அதனால் மருந்துகள் தனிச் சின்னப் பையில், சட்டென்று எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

சில நாடுகளில் அளவுக்கு வரம்பு உண்டு. சிங்கப்பூருக்குச் சொந்த உபயோக மருந்து பொதுவாக மூன்று மாதத்துக்கு உள்ளது வரை கொண்டுபோகலாம். ஜப்பானுக்கு ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன்அனுமதி வாங்க வேண்டும்.

நான் பாட்டில் இன்சுலினும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறேன். தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியை நின்று நிதானமாகப் படியுங்கள். நம் ஊர் ஆட்களுக்கு இதைவிட முக்கியமானது இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

நம் அரசு ஆஸ்பத்திரியிலும் மருந்துக்கடையிலும் கிடைக்கும் சாதாரண இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு யு-40, மூடி சிவப்பு. சிங்கப்பூர், இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற இடங்களில் பாட்டில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அங்கே சிரிஞ்சு யு-100, மூடி ஆரஞ்சு.

அங்கே வாங்கிய 100 யூனிட் பாட்டிலிலிருந்து இங்கே கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 10 யூனிட் இல்லை, 25 யூனிட். இரண்டரை மடங்கு. தனியாகத் தூங்குகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. தலைகீழாக, நம் ஊர் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் 4 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும்.

எனவே நம் ஊர் பாட்டிலோடு நம் ஊர் சிரிஞ்சு, அந்த ஊர் பாட்டிலோடு அந்த ஊர் சிரிஞ்சு. கலக்கவே கூடாது. அங்கே பாட்டில் வாங்க நேர்ந்தால் சிரிஞ்சையும் சேர்த்து வாங்கி, பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டாக்டர் சொன்ன யூனிட் எண்ணிக்கை மாறாது. முடிந்தவர்கள் பயணத்துக்கு ஓரிரு மாதம் முன்பே பேனாவுக்கு மாறுவது நல்லது. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் இங்கேயும் 100 யூனிட்தான், அதனால் இந்தக் குழப்பமே வராது.

இன்சுலினைக் குளிர்ச்சியாக எப்படி வைப்பது? விமானத்தில் பிரிட்ஜில் வைக்கத் தரலாமா?

விமானப் பணியாளர்களிடம் தர வேண்டாம். ஐஸோடு சேர்ந்து உறையலாம், இறங்கும் அவசரத்தில் மறந்தும் போகலாம்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. பயன்பாட்டில் இருப்பதை அறை வெப்பத்தில், 30 டிகிரிக்குள், பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். டெக்ளூடெக் என்ற நீண்ட நேர இன்சுலின் என்றால் 8 வாரம். பத்து நாள் சிங்கப்பூர் பயணத்துக்கு ஏசி அறையில் இருக்கும் பேனாவுக்குப் பிரிட்ஜே தேவைப்படாது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கென்யாவின் அகதி முகாம் வெப்பத்தைப் போல, 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் வைத்த இன்சுலின், குளிரில் வைத்ததற்கு இணையாகவே வேலை செய்தது. அதற்காக அலட்சியமாக இருக்கச் சொல்லவில்லை. ஏர்போர்ட் போகும் வழியில் பை சூடாகிவிட்டதே என்று அழ வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது இரண்டு: மூடிய காருக்குள் வெயில், ஐஸ். தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பை கிடைக்கிறது, அதுவே போதும். ஐஸ் பை வைத்தால் இடையில் துண்டு சுற்றுங்கள். ஹோட்டல் சின்னப் பிரிட்ஜின் பின்சுவர் ஒட்டி வைக்காதீர்கள், அங்கே உறையும். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலோ, துகள் தெரிந்தாலோ போட வேண்டாம்.

செக்யூரிட்டியில் ஊசியைப் பார்த்தால் நிறுத்துவார்களா?

நீங்களே முதலில் சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். ட்ரேயில் பையை வைக்கும்போதே “எனக்கு சர்க்கரை, இதில் இன்சுலினும் ஊசியும் இருக்கிறது” என்று சொல்லிக் கடிதத்தைக் காட்டுங்கள். 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு. கடையில் வந்த அட்டைப்பெட்டியோடும் பெயர் ஒட்டிய லேபிளோடும் இருப்பது நல்லது. ஊசியைப் பெட்டியில் போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், குரலை உயர்த்தாமல் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சென்சார், பம்ப் போட்டிருக்கிறேன். ஸ்கேனருக்குள் போகலாமா?

கருவிக்குக் கருவி மாறும். சாதாரண மெட்டல் டிடெக்டர் பெரும்பாலானவற்றுக்குப் பிரச்சினை இல்லை. உடம்பு முழுவதையும் பார்க்கும் ஸ்கேனரும், பையைப் பார்க்கும் எக்ஸ்ரேயும் சிலவற்றுக்கு ஆகாது. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்று சென்சாரும் பம்ப் உதிரிகளும் எக்ஸ்ரேக்குள் போகலாமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனை பிளைட் மோடில் போட்ட பிறகு ப்ளூடூத்தை மறுபடி ஆன் செய்தால்தான் சென்சார் பேசும். மேலே ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால் பம்பின் குழாயில் குமிழி வரலாம். பறக்கத் தொடங்கிய பிறகும் இறங்கிய பிறகும் பாருங்கள். பேனாவிலும் ஊசியை மாட்டியே விடாமல், போடும் முன் 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். போனின் நேரம் தானாக மாறும். பம்பின் கடிகாரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

விமானத்தில் ‘டயாபடிக் மீல்’ கேட்கலாமா?

என் கருத்து, வேண்டாம். அதில் மாவுச்சத்து குறைவாக இருக்கும் என்பதை நம்பி இன்சுலினைக் கணக்கிட முடியாது. பழகிய இந்திய சைவமோ வழக்கமான சாப்பாடோ வாங்கி, தட்டில் உள்ள சோறு, ரொட்டி, இனிப்பைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சாப்பாட்டு வண்டி வருவதைப் பார்த்து ஊசி போடாதீர்கள். நாலு வரிசைக்கு முன்னால் வரும்போது விமானம் குலுங்கும், சீட் பெல்ட் விளக்கு எரியும், வண்டி திரும்பிப் போய்விடும். உள்ளே போன இன்சுலினுக்கு அது தெரியாது. தட்டு உங்கள் முன்னால் வந்த பிறகு போடுங்கள்.

நேர வித்தியாசத்தில் இன்சுலினை எப்போது போடுவது?

இரவு ஒருமுறை போடும் கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினை வைத்துச் சொல்கிறேன். ஊரில் இரவு 9 மணிக்குப் போடுகிறீர்கள் என்று வையுங்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது இரவு 11.30. ஒரு வாரப் பயணம் என்றால் 11.30க்கே போட்டுவிட்டுப் படுக்கலாம். துபாயில் மாலை 7.30, பேச்சே இல்லை. லண்டனில் கோடைக்காலத்தில் மாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. சின்னப் பயணம் என்றால் போனில் அலாரம் வைத்து அந்த நேரத்துக்கே போடுங்கள். படிக்கப் போகிறவர்கள் தினம் ஓரிரு மணி நேரம் தள்ளித் தள்ளி மறுபடி இரவுக்குக் கொண்டுவரலாம். சான் பிரான்சிஸ்கோவில் கோடையில் காலை 8.30 ஆகிவிடுகிறது, அது பல் தேய்த்தவுடன் போட வசதியான நேரம். மாற்றவே வேண்டாம், அப்படியே விடுங்கள் என்பேன்.

இறங்கும் வரை ஒரு கடிகாரம் இந்திய நேரத்திலேயே இருக்கட்டும். சாப்பாட்டு இன்சுலின் கடிகாரத்தைப் பார்க்காது, சாப்பாட்டைப் பார்க்கும். மேற்கே போகும்போது பகல் நீண்டு, கூடுதலாக ஒரு வேளை சாப்பிடுவீர்கள்; அதற்கும் போட வேண்டும். கிழக்கே போகும்போது நாள் சுருங்கும். முந்தைய ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கையில் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து இறக்கிவிடும். விமானத்தில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள்.

காலை, இரவு என்று கலவை இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. டிக்கெட்டைக் காட்டி, மணி வாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லோ ஆனால், அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால்?

70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. வழியில் குளுக்கோஸ் மாத்திரைதான் வசதி; 4 கிராம் மாத்திரை என்றால் 4. குளுக்கோஸ் பவுடர் கொண்டுபோனால் கடைப் பாக்கெட்டோடு கொண்டுபோங்கள், கவரில் கட்டிய வெள்ளைப் பொடிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஜூஸ் செக்யூரிட்டி தாண்டி வாங்கலாம். சாக்லேட்டும் கடலை மிட்டாயும் பசிக்குச் சரி, லோவுக்கு ஆகாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

உட்கார்ந்தே இருப்பதால் விமானத்தில் கொஞ்சம் ஏறும். ஊர் சுற்றத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். நாள் முழுக்க நடந்த இரவில்தான் இறங்கும். படுக்கும் முன் பாருங்கள், தலைமாட்டில் மாத்திரை வையுங்கள். மது அருந்தியிருந்தால் விடியற்காலை வரை அந்த ஆபத்து இருக்கும்.

அங்கே மீட்டரில் 5.6 என்று காட்டுகிறதே, இது ஆபத்தா?

இல்லை, நல்ல அளவு. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, கனடாவில் மில்லிமோல் கணக்கு, நம் ஊரில் மில்லிகிராம் கணக்கு. 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 3.9 என்றால் 70, 10 என்றால் 180. உங்கள் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் கொண்டுபோனால் வழக்கமான எண்ணையே பார்க்கலாம்.

சிங்கப்பூர், மலேசியாவில் டீ குடிக்கலாமா?

‘தே’ என்று கேட்டால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய இனிப்பு டீ வரும். ‘தே ஓ’ பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. ‘தே ஓ கொசோங்’ என்றால் பாலும் சர்க்கரையும் இல்லை. பால் வேண்டுமென்றால் ‘தே சி கொசோங்’.

போன இடத்தில் வாந்தி, காய்ச்சல் வந்தால் இன்சுலினை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. சாப்பிடவில்லையே என்று நீண்ட நேர இன்சுலினை விட்டுவிட்டுக் கீட்டோன் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவது டைப் 1 உள்ளவர்களுக்கு அடிக்கடி நடப்பது. காய்ச்சலில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். சாப்பாட்டு இன்சுலினை மட்டும் சாப்பிடும் அளவுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

கீட்டோன் ஸ்ட்ரிப் இல்லாமல் கிளம்பாதீர்கள். சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் விலை குறைவு. 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையையும் கீட்டோனையும் பாருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். ரத்தத்தில் பார்க்கும் கீட்டோன் 1.5ஐத் தாண்டினால் உடனே டாக்டரிடம் பேசுங்கள், 3 என்றால் நேராக அவசரப் பிரிவு. சிறுநீர் ஸ்ட்ரிப்பில் இரண்டு பிளஸ் என்றாலும் காத்திருக்காதீர்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் எண் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை ‘டைப் ஒன்’. வெறும் ‘சுகர்’ என்று சொன்னால் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நினைத்து உட்காரவைத்துவிடுவார்கள்.

அங்கே மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் இன்சுலின் தருவார்களா?

கனடாவில் மருந்தாளுநரிடம் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வால்மார்ட் போன்ற கடைகளில் பழைய வகை மனித இன்சுலின் சீட்டு இல்லாமல் கிடைக்கும். ஆனால் அது உங்கள் புதுவகை இன்சுலினைப் போல உடனே வேலை செய்யாது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். டாக்டரிடம் பேசாமல் மாற்ற வேண்டாம். இங்கிலாந்தில் சீட்டு வேண்டும்.

மகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறாள். மருந்துச் செலவு எவ்வளவு ஆகும்?

விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணத்துக்கு அங்கே அரசு மருத்துவச் சேவை கிடைக்கும். போன முதல் வாரத்திலேயே பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது. அதற்கு எஃப்பி92ஏ என்ற படிவத்தை ஜிபி கிளினிக்கில் கேட்டு நிரப்ப வேண்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் எல்லோருக்குமே இலவசம். பதிவு, முதல் சந்திப்பு எல்லாம் முடிய நாளாகும் என்பதால் மூன்று மாத மருந்தோடு அனுப்புங்கள். பழைய ரிப்போர்ட்டுகள், ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை), கண் பரிசோதனை முடிவு எல்லாம் கையில் இருக்கட்டும்.

பயணக் காப்பீட்டில் டைப் 1 இருப்பதைச் சொன்னால் பிரீமியம் ஏறுமே?

ஏறினாலும் சொல்லுங்கள். மறைத்து வாங்கிய பாலிசியில் கீட்டோன் ஏறி ஐசியூவில் சேர்ந்தால் பணம் வராது, வெளிநாட்டு ஐசியூ பில் ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளும். சொல்லி வாங்கினாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு எது வரை தருவார்கள் என்ற பகுதியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உயிராபத்துக்கு மட்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும்.

கூட வருகிறவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். நம் ஊரில் இதை மறைக்கும் பழக்கம் அதிகம், பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அதிகம். கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயத்தில் சின்ன வயதிலிருந்தே பாத்ரூமில் ஊசி போட்டுப் பழகிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. ஊரில் லோ ஆனால் அம்மா ஓடி வருவார். மான்செஸ்டரில் ரூம்மேட்தான் ஓடி வர வேண்டும். அவளுக்குத் தெரியாவிட்டால், தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள்.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நான் வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கிவிட்டது. மாத்திரை இந்தப் பையில் இருக்கிறது, கொடு. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்க வை, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எக்காரணம் கொண்டும் இன்சுலின் போட்டுவிடாதே. டாக்டர் குளுகாகன் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) எழுதிக் கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதையும் காட்டிவிடுங்கள்.

போகும் நாட்டின் எண்ணையும் அவர் போனில் சேமித்துக் கொடுங்கள்: இங்கிலாந்து, மலேசியா 999, சிங்கப்பூர் 995, துபாய் 998, அமெரிக்கா, கனடா 911, ஆஸ்திரேலியா 000, ஐரோப்பிய நாடுகள் 112.